ஒரு சாண் ஓலை: எங்கள் ஒழுங்கை வேலி இதுவரை

யாழ்ப்பாணத்தில் ஒரு குறுந்தெரு, அதுதான் எங்கள் ஒழுங்கை. 31 வீடு. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் முக்கால்வாசி வளவுக்குப் பின்னிய தென்னோலையான கிடுகால் வேலி, மிச்சத்துக்குப் பனையோலை. இன்றைக்கு முழுக்க மதில். வேலி அடைக்கிற நாள் எனக்கு நல்ல நினைவு. உள்ளே நிற்பவர் குத்தூசியில் கயிற்றைக் கோத்து ஓலைக்குள்ளால் விடுவார். வெளியே நிற்பவர் அதை வாங்கி, குறுக்கே கட்டியிருக்கிற தடியான வரிச்சைச் சுற்றித் திருப்பி விடுவார். மறுபக்கம் ஆள் இல்லாமல் வேலை ஓடாது. கதை பேச்சு இல்லாத இரண்டு வீட்டாரும் அன்றைக்கு மட்டும் "இஞ்சால விடு", "இறுக்கிப் பிடி" என்றாவது கதைப்பார்கள்.

சனசமூக நிலையத்து விறாந்தையில் அப்படி ஒரு வேலியை ஒழுங்கையே சேர்ந்து இழைத்தால் என்ன என்று இரண்டு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தேன். நான் சனி, ஞாயிறில் படம் கீறுகிற ஆள். ஓலை வேலை தெரியாது. ஆனால் சனங்கள் கைபோட்டுச் செய்த கலைகளைப் பற்றி வாசித்தவற்றில் இரண்டு என்னை விடவேயில்லை. ஒன்று நம்முடைய யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் செய்தது. 2004இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில், சனங்கள் தங்கள் வீடுகளிலிருந்து கொடுத்த பொருட்களைக் கொண்டே ஒரு காட்சி வைத்தார். 2011இல் வெளிவந்த அவருடைய தோம்பு நூலுக்காக, இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் விட்டுவந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து தங்கள் கையாலேயே கீறிக் கொடுத்தார்கள். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. அந்தப் பெயரை இந்தப் படங்களுக்கு வைத்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்யும்.

மற்றது அமெரிக்காவில் 1987இல் தொடங்கிய எயிட்ஸ் நினைவுப் போர்வை. செத்தவர்களின் உறவுகளும் சிநேகிதர்களும் ஆளுக்கொரு துண்டு தைத்தார்கள். ஒவ்வொரு துண்டும் 6 அடிக்கு 3 அடி, கிட்டத்தட்ட ஒரு புதைகுழியின் அளவு. அந்த ஒக்டோபரில் வாஷிங்டனில் விரித்தபோது 1,920 துண்டுகள் இருந்தன.

முதல் இரண்டு கிழமை

வரைபுத்தாளில் ஒரு பனங்கூடல் கீறினேன். 6 அடி அகலம், நாலரை அடி உயரம். அதை 9 அங்குலச் சதுரங்களாகப் பிரித்தால் 48. எந்தச் சதுரத்தில் எத்தனை சிவப்பு ஓலை, எத்தனை வெள்ளை என்று அட்டையில் எழுதி வீடு வீடாகக் கொடுத்தேன். பனஞ்சிலாகையில் சட்டமும் அடித்து வைத்தாயிற்று.

ஐந்து பேர்தான் வந்தார்கள். அட்டையில் இருந்தபடியே இழைத்துத் தந்துவிட்டுப் போனார்கள். தன்னுடையது எங்கே வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு மாமி மட்டும் கேட்டா: "பிள்ளை, ஒரு துண்டுக்கு என்ன மாதிரித் தருவியள்?"

அவ கேட்டதில் பிழையே இல்லை. படம் என்னுடையது, நிறம் என்னுடையது, அளவு என்னுடையது. அவவின் கை மட்டும்தான் எனக்குத் தேவைப்பட்டிருக்கிறது. அதற்குப் பெயர் கூலிவேலைதான். அன்றிரவே அந்த வரைபுத்தாளைக் கிழித்துப்போட்டேன்.

சாயமும் பிழைத்தது. சாயத்தண்ணியைக் கொதிக்க வைத்து அதற்குள் ஓலையை அவிக்க வேண்டும். நான் இளஞ்சூட்டில் முக்கி எடுத்தேன். தண்ணி பட்டதும் சிவப்பெல்லாம் இறங்கி, பக்கத்து வெள்ளை ஓலையிலும் ஏறிவிட்டது.

நல்லூர்க் கொடி ஏறிய பிறகு

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாளும் ஒருவரையும் பிடிக்க முடியாது என்று தெரியும். அந்த நாட்களில் கடைசி வீட்டு ஆச்சியிடம் இழைக்கப் பழகினேன்.

காய்ந்த குருத்தோலையை அப்படியே எடுத்து மடித்தால் பட்டென்று முறியும். முதல்நாள் இரவே ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால் காலையில் துணி மாதிரி வளையும். ஆச்சி சத்தகம் என்கிற சின்னக் கத்தியின் நுனியை ஈர்க்கோடு ஒட்டி வைத்து ஒரே இழுப்பில் கழற்றுவா. பிறகு வலக்கைப் பெருவிரல் நகத்தால் ஓலையை ஒரு கீறல். அளவுகோல் இல்லை, ஆனால் பத்து ஓலையும் ஒரே அகலம். தொடக்கத்து நாலு ஓலையையும் குறுக்கும் மறுக்குமாகப் போட்டு, மூலையைக் கால் பெருவிரலால் அமத்திக்கொள்ளுவா. அங்கேதான் எனக்குத் தோற்றது. அமத்தினால் இழைக்க வராது, இழைத்தால் கால் நழுவும். நாலாம் நாள்தான் ஒரு சதுரம் குலையாமல் வந்தது. அதைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு ஆச்சி, "காத்துப் போகுது. இன்னும் நெருக்கு" என்றா.

தேர், தீர்த்தம் முடிந்து

இந்த முறை ஒரேயொரு விதி: ஒரு சாண். மற்றதெல்லாம் அவரவர் இஷ்டம்.

பின்னேரம் ஐந்து மணிக்கு விறாந்தையில் ஓலையைப் பரப்பி வைப்பேன். முதல் நாள் ஏழு பேர். மூன்றாம் நாள் பெடியள் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு வந்து குந்தினார்கள். கூலி கேட்ட மாமி ஒரு சதுரத்துக்குள் குட்டிப் பை ஒன்றும் சேர்த்து இழைத்து, அதற்குள் முருங்கை விதை போட்டா. மீன்பிடிக்கிற ஊரான குருநகரில் இருந்து எங்கள் ஒழுங்கைக்கு மாப்பிள்ளையாக வந்தவர், "எனக்கு உது தெரியாது, வலை முடிச்சுத்தான் தெரியும்" என்று ஓலையைக் கிழித்து வலை மாதிரியே முடிந்து தந்தார். ஒரு தங்கச்சி பெட்டி கட்டி வருகிற நீலப் பிளாஸ்டிக் பட்டியில் இழைத்துக் கொண்டுவந்தா. அதை வாங்குவதா விடுவதா என்று ஒரு இரவு முழுக்க யோசித்தேன். அவவின் வீட்டில் சந்தைக்குக் கொண்டுபோகிற கூடை அந்தப் பட்டியில் செய்ததுதான். வாங்கிக்கொண்டேன்.

பிரச்சினை அளவில் வந்தது. ஆறு வயதுப் பெடியனின் சாண் 5 அங்குலம். மேசன் வேலை செய்கிற அண்ணையின் சாண் பத்து. என்னுடைய சட்டத்தில் ஒன்றும் ஒன்றோடு பொருந்தாது. அந்தப் போர்வைக்காரர்கள் அளவை விட்டுக்கொடுக்கவில்லையே, நான் மட்டும் ஏன் விடவேண்டும் என்று திருப்பித் திருப்பி நினைத்தேன். பிறகுதான் வித்தியாசம் பிடிபட்டது. அவர்களுடைய 6க்கு 3 அடிக்கு ஒரு காரணம் இருந்தது. அந்த அளவே செத்தவரைச் சொல்லும். என்னுடைய 9 அங்குலத்துக்கு என் வசதியை விட்டால் வேறு காரணம் இல்லை. பெடியனின் 5 அங்குலம் என்றால் அது அவனுடைய கை.

அப்படியானால் எப்படிப் பொருத்துவது? ஆச்சியிடம் போனேன்.

"வேலி அடைக்கேக்க ஓலையெல்லாம் ஒரே அளவிலயோ வெட்டினவை? ஒண்டுக்கு மேல ஒண்டை ஏத்தி அடைக்க வேண்டியதுதானே."

சட்டத்துக்குள் இருந்த குறுக்குக் கட்டங்களைக் கழற்றிவிட்டு, மூன்று வரிச்சு மட்டும் கட்டினேன். துண்டுகள் இனி ஒன்றின் மேல் ஒன்று ஏறும்.

இந்தக் கிழமை

கையில் 38 துண்டு இருக்கிறது. சில வீடுகளில் அம்மா ஒன்று, பிள்ளைகள் ஆளுக்கொன்று.

ஒழுங்கையில் நாலு வீடு பூட்டிக் கிடக்கிறது. சனம் வெளிநாட்டில். அந்த வீடுகளுக்கு வெற்றிடம் விடலாம், பார்க்கிறவருக்கு விளங்கும் என்று நினைத்திருந்தேன். அதைச் சொன்னதும் முன்வீட்டு அன்ரிக்குச் சரியான கோபம். "உயிரோட இருக்கிற சனத்துக்கு ஓட்டை விடுறதோ?" என்று கேட்டுவிட்டு, தனக்குப் பக்கத்துப் பூட்டின வீட்டுக்காகத் தானே ஒரு துண்டு இழைத்தா. அந்த வீட்டு அம்மாவோடு சேர்ந்து முப்பது வருடத்துக்கு முந்திப் பெட்டி இழைத்தவவாம். அவவின் கைவேலை எப்படி இருக்கும் என்று யோசித்து யோசித்து, அதே மாதிரி விளிம்பை இரட்டையாக மடித்தா.

நான் அதைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் கனடாவுக்கு அனுப்பினேன். விடியப்புறம் குரல்பதிவு வந்தது. அந்த அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. பிறகு: "நல்லாயிருக்கு. ஆனா நான் மூலையை இடப்பக்கமாத்தான் மடிக்கிறனான். அவளுக்குச் சொல்லு."

சொன்னேன். அன்ரி ஒரு கதையும் பேசாமல் துண்டை வாங்கி, மூலையைக் குலைத்து, ஈரத் துணியில் சுற்றி வைத்தா. நேற்றுப் பின்னேரம் இடப்பக்கம் மடித்துக் கொண்டுவந்து தந்துவிட்டா.

மழை தொடங்க முந்திக் கட்டி முடிக்க வேண்டும். ஆச்சி வீட்டுக் குசினிக் கூரைக்குள் செருகிக் கிடந்த குத்தூசியைத் தேடி எடுத்தாயிற்று. வாற ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தொடங்குகிறோம். உள்பக்கம் நான், வெளிப்பக்கம் அந்த அன்ரி.