விரலை நீட்டினேன்

வாக்குச்சீட்டை மெஷினுக்குள் விட்டுவிட்டு, கதவருகே உட்கார்ந்திருந்த வயதான அம்மாவிடம் இடது கை ஆள்காட்டி விரலை நீட்டினேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகப் போய்விட்டது. அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காகிதம் கீறிவிட்டதா?" என்று கேட்டுக்கொண்டே கைப்பையிலிருந்து ஒரு பேண்ட்-எய்ட் எடுத்துச் சுற்றிவிட்டார். கூடவே 'நான் வாக்களித்தேன்' என்ற ஸ்டிக்கர். பின்னால் ஆட்கள் நிற்கும்போது மையைப் பற்றி எங்கிருந்து ஆரம்பிப்பது? நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

2024 நவம்பர் 5, செவ்வாய்க்கிழமை. குடியுரிமை வாங்கியபின் போட்ட முதல் ஓட்டு. இடம், அயோவா மாநிலத்தின் வட எல்லையில் மின்னசோட்டாவை ஒட்டிய ஹோவர்ட் கவுண்டி. கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. மொத்த ஜனமே 9,500-க்குள்தான். பெரிய ஊர் என்றால் கிரெஸ்கோ. பசுமைப் புரட்சியின் நார்மன் போர்லாக் பிறந்தது இந்தப் பக்கத்துப் பண்ணையில்தான். 1963-இல் அவர் இந்தியா வரக் காரணமாக இருந்த எம்.எஸ். சுவாமிநாதன் எங்கள் கும்பகோணத்துக்காரர். வந்த புதிதில் யார் ஊரைக் கேட்டாலும் இந்த உறவை இழுத்துவிடுவேன். மக்காச்சோளக் காட்டு நடுவே தனியாக நிற்பவனுக்கு ஏதாவது ஒரு சொந்தம் வேண்டுமே.

இந்தக் கவுண்டிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 2012-இல் ஒபாமாவை 20 சதவீதப் புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்து, 2016-இல் அதே 20 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் டிரம்பை ஜெயிக்க வைத்தது. மூவாயிரத்துச் சொச்சம் கவுண்டிகள் உள்ள நாட்டில் இப்படிக் கவிழ்ந்தது இது ஒன்றுதான். அயோவாவின் 99 கவுண்டிகளில் ஒபாமாவுக்கு இரண்டு முறை போட்டுவிட்டு டிரம்பிடம் போனவை 31. பத்திரிகைக்காரர்கள் வந்து வந்து காரணம் கேட்டார்களாம்.

எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. 2014-இல் 39-க்கு 37 தொகுதியை ஒரு பக்கம் கொடுத்துவிட்டு, 2019-இல் 38-ஐ மறுபக்கம் அள்ளிக் கொடுத்த ஊரிலிருந்து வந்தவன் நான். பக்கத்துப் பண்ணைக்காரர், எழுபதைத் தாண்டியவர், ஒபாமாவுக்கு இரண்டு முறை போட்டவர், அப்புறம் டிரம்ப். ஏன் என்று கேட்டேன். "மாறும் என்று சொன்னவனுக்குப் போட்டேன். மாறவில்லை. மாறும் என்று சொன்ன இன்னொருவனுக்குப் போட்டேன்" என்றார். எங்கள் தெரு டீக்கடையில் கேட்ட பேச்சுதான். ஒரே வித்தியாசம், நம்மூரில் ஐந்து வருடத்தில் திரும்பி வருவார்கள். இங்கே போனவர்கள் வரவில்லை. 2020-இல் டிரம்புக்கு 60 விழுக்காட்டைத் தாண்டிப் போட்டார்கள்.

சரி, அது அவர்கள் பாடு. என் குறை வேறு. சின்னம் இல்லை! யானை, கழுதை என்று உலகமே பேசுகிறது, சீட்டில் இரண்டையும் காணோம். பெயரும் கட்சிப் பெயரும் வெறும் எழுத்தில், பக்கத்தில் ஒரு குட்டி வட்டம். பரீட்சை எழுதுகிற மாதிரி அதைக் கறுப்பாக நிரப்ப வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி சாகும்வரை ஒரு தேர்தலையும் விட்டதில்லை. அவளை இங்கே நிறுத்தினால் என்ன செய்வாள் என்று பேனாவும் கையுமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

சீட்டோ முடிகிற வழியாக இல்லை. ஜனாதிபதியில் தொடங்கி ஷெரீஃப் என்கிற கவுண்டி போலீஸ் தலைவர், வேளாண் விரிவாக்கக் குழு வரை இறங்குகிறது. நீதிபதி நீடிக்கலாமா என்று ஆம், இல்லை வேறு. மண், நீர் பாதுகாப்புக்கு ஆணையர்! சம்பளமில்லாத, கட்சியில்லாத பதவி. காவிரித் தண்ணீருக்கு வாய்க்கால் தலைப்பில் மண்வெட்டியோடு ராத்திரி காவல் இருந்தவன் மகன் நான். அந்த வட்டத்தை மட்டும் கோடு தாண்டாமல் அழகாக நிரப்பினேன். கூடவே அரசியல் சட்டத் திருத்தம் ஒன்று. வாக்குரிமை 'ஒவ்வொரு குடிமகனுக்கும்' என்பதை 'குடிமகனுக்கு மட்டும்' என்று மாற்ற. அந்த 'மட்டும்' என்ற சொல்லில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். என்ன போட்டேன் என்று சொல்லமாட்டேன். அதைச் சொல்லக்கூடாது என்றுதானே வளர்த்தார்கள்? இங்கே பெயர் பதிகிற படிவத்திலேயே எந்தக் கட்சி என்று கேட்கிறார்கள். அப்பா எதற்குப் போடுகிறார் என்று அம்மாவுக்கே நாற்பது வருடமாகத் தெரியாது.

இப்போதெல்லாம் பழகிவிட்டது. ஷாமியானா இல்லை, பூத் ஸ்லிப் தரும் கட்சிக்காரர் மேசை இல்லை, ஒலிபெருக்கி இல்லை என்பதெல்லாம் உறுத்துவதில்லை. பள்ளிக்கூட வேப்பமரத்து நிழலுக்காகப் பெண்கள் வரிசை மட்டும் வளைந்து நிற்கும். மை காய்வதற்குள் சட்டையில் பட்டுவிடும் என்று பாட்டி விரலை ஊதி ஊதி விடுவாள்.

ராத்திரி வீடியோவில் அம்மா முதலில் பார்த்தது ஸ்டிக்கரை இல்லை.

"விரல்ல என்னப்பா கட்டு?"

"ஓட்டுப் போட்டேம்மா."

"எந்தச் சின்னம்?"

"இங்க சின்னமே கிடையாதும்மா."

"அப்பறம் எப்படிடா கண்டுபிடிச்சே?"

பின்னாலிருந்து அப்பாவின் குரல்: "சீட்டை நல்லா மடிச்சுப் போட்டானான்னு கேளு."