ஊர் சுற்றாத கடைசி வாரங்கள்

கொழும்பில் ஆய்வேட்டைக் கொடுத்த மறுநாளே வகுப்பு நண்பர்கள் எல்ல, சிகிரியா, திருகோணமலை என்று இலங்கையைச் சுற்றும் பயணத்துக்குத் தயாராகிவிட்டார்கள். நான் போகவில்லை. திருச்சிக்கும் கொழும்புக்கும் நடுவே விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். சிகிரியாவைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வரலாம். கொழும்பின் வெள்ளவத்தையில் வாடகைக்குக் குடியிருப்பவளாக இனி வரப்போவதில்லை. மிச்சமிருந்த வாரங்களைக் கொழும்புக்கே கொடுத்தேன்.

அதற்கு முதலில் காகித வேலை ஒழிய வேண்டும். இலங்கையில் படித்துவிட்டு இந்தியா திரும்புகிறவர்களிடம் நான் கண்டிப்பாகச் சொல்வது இதை மட்டும்தான்: பெறுபேற்றுச் சான்றிதழை, அதாவது மதிப்பெண் பட்டியலை, கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். நூலகத்தில் பாக்கி இல்லை, விடுதியில் பாக்கி இல்லை என்று கையெழுத்துகள் வாங்கிய பிறகுதான் விண்ணப்பமே நகரும். பிறகு அதை வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்த வேண்டும். இதற்கிடையில் போயா குறுக்கிடும். மாதந்தோறும் பௌர்ணமியன்று நாடு முழுவதும் விடுமுறை; அது வெள்ளிக்கிழமை விழுந்தால் சேர்ந்தாற்போல மூன்று நாள் போய்விடும். போயாவை நாட்காட்டியில் வட்டமிட்ட பிறகு மற்றதைத் திட்டமிடுங்கள். வங்கிக் கணக்கை மட்டும் கடைசியில் மூடலாம், வீட்டு முற்பணம் திரும்ப வரும்வரை அது தேவைப்படும்.

அடுத்த தலைவலி பெட்டியின் எடை. ஆய்வுக்காக எடுத்த ஒளிநகல்கள் ஒரு அலமாரி நிறைய இருந்தன. தூக்கிப் போவதற்கு முன், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்துவரும் ‘நூலகம்’ என்ற இணையதளத்தில் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். பெரும்பாலானவை அங்கேயே இருந்தன! அவற்றைப் பழைய காகிதக்காரரிடம் போட்டேன். அங்கே கிடைக்காதவற்றுக்காகச் சில பகல்கள் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். 1942இல் தொடங்கிய சங்கம்; என் அறையிலிருந்து நடந்துபோகும் தூரம். முதல் பருவத்திலேயே அங்கே பழகியிருந்தால் ஆய்வேட்டின் இரண்டாம் இயல் இன்னும் தேறியிருக்கும் என்று என் மேற்பார்வையாளர் சொன்னார். அவர் எப்போதும் அப்படித்தான்.

தேசிய அருங்காட்சியகத்துக்கு முன்பே போயிருக்கிறேன், ஆனால் வகுப்போடு போய் வகுப்போடு திரும்பிய பார்வை அது. இந்த முறை ஒரே ஒரு கல்லுக்காகப் போனேன். சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்த மும்மொழிக் கல்வெட்டு, 1409ஆம் ஆண்டு தேதியிட்டது, 1911இல் காலி நகரில் கிடைத்தது. உச்சியில் இரண்டு டிராகன்கள். சீனத்தில் புத்தரையும், பாரசீகத்தில் இஸ்லாத்தையும், தமிழில் தெனாவரை நாயனார் என்ற திருமாலையும் போற்றி, பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல் போகிறது. யாரையும் விட்டுவிடாத வியாபார சாமர்த்தியம். தேய்ந்த தமிழ் எழுத்துகளில் இரண்டொன்றைப் பிடிப்பதற்குள் கழுத்து வலித்தது. அவசரப்படுத்த யாரும் இல்லை.

மாலைகளில் புறக்கோட்டைப் பக்கம் வேலை இருந்தால் திரும்பும்போது காலி வீதி பஸ்ஸை விட்டுவிட்டுக் கோட்டை ரயில் நிலையத்திலிருந்து கரையோர ரயிலைப் பிடித்தேன். நெரிசல் கொஞ்சமும் குறைவில்லை, ஆனால் கடலை ஒட்டியே ஓடுகிறது.

இரவுகள் வீட்டுக்கார அம்மாவின் அடுப்படியில் கழிந்தன. யாழ்ப்பாணத்துக்காரர். அவரிடம் தேங்காய்ப்பாலில் செய்யும் சொதி படித்தேன். இரண்டாம் பாலில் வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள் போட்டு வேகவிட்டு, முதற்பால் ஊற்றியதும் கரண்டியால் விடாமல் துழாவ வேண்டும். “கொதிக்க விடக்கூடாது பிள்ளை, திரைந்துவிடும்” என்று பக்கத்திலேயே நின்றார். எலுமிச்சம்புளி, இறக்கிய பிறகுதான். முருகன் திருவிழாவான ஆடிவேலுக்கும் அவரே அழைத்துப் போனார். செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வேல் எழுந்தருளும் வழியில், நிற்பதற்கு நிழலான இடம் எது என்பது அவருக்குத் தெரியும். அங்கேதான் முற்பணத்தைப் பற்றியும் பேசி முடித்தோம்.

நண்பர்கள் கறுத்துப்போய்த் திரும்பி வந்தார்கள். படங்கள் அருமையாக இருந்தன. பெறுபேற்றுச் சான்றிதழுக்கு அன்றுதான் விண்ணப்பித்தார்கள்.

முற்பணம் வந்ததும் கணக்கை மூடினேன். கையிலிருந்த ரூபாயை மாற்றினால் பெரிதாக எதுவும் தேறாது என்று புத்தகக் கடைக்குப் போனேன். ஒளிநகல்களைக் கழித்து மிச்சம் பிடித்த எடை அங்கேயே தீர்ந்தது.