புரிஞ்சுது, டாக்டர்

ஆக்ஸிகோடோன் என்ற ஓபியாய்டு (அபின் வகை) வலி மருந்து, நாளைக்கு 80 மில்லிகிராம். காலையில் 40, இரவில் 40. கூடவே குளோனசெபாம் என்ற பென்சோடயசிபைன் வகை அமைதி மருந்து 1 மில்லிகிராம், இரண்டு வேளை. முதுகெலும்பில் காயம், போர்க்களம் விடாமல் துரத்தும் தூக்கம், ஒன்பது வருடமாக மாறாத மருந்துச் சீட்டு. முன்னாள் படைவீரர்களுக்கான போதை சிகிச்சைப் பிரிவுக்கு 2018-இல் இப்படி ஒருவர் வந்தால் என்ன நடக்கும் என்று இந்தத் துறையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டோஸைக் குறைப்பார்கள். நானும் குறைத்தேன்.

அட்டவணையை எழுதி மேசையின் அந்தப் பக்கம் நகர்த்திவிட்டு, “புரிஞ்சுதா?” என்றேன்.

“புரிஞ்சுது, டாக்டர்.”

“செஞ்சுடலாம்ல?”

“சரி, டாக்டர்.”

அவ்வளவுதான். ஐந்தாவது வாரம் அவர் வரவில்லை.

என் தரப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓபியாய்டுகளின் வீரியத்தை மார்ஃபினோடு ஒப்பிட்டுத்தான் அளப்போம்; ஆக்ஸிகோடோனை மார்ஃபின் கணக்குக்கு மாற்ற 1.5-ஆல் பெருக்க வேண்டும். 80 என்பது 120 ஆகிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2016 வழிகாட்டுதல், 90-ஐத் தாண்டுவதைத் தவிருங்கள், தாண்டினால் தக்க காரணம் வேண்டும் என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில், ஓபியாய்டையும் பென்சோடயசிபைனையும் சேர்த்துக் கொடுத்தால் மூச்சு நின்றுபோகலாம் என்ற கட்டம் போட்ட எச்சரிக்கை இரண்டு வகை மருந்துகளின் குறிப்பேட்டிலும் ஏறியது. இரண்டில் எதை முதலில் குறைப்பது? பென்சோடயசிபைனை அவசரமாகக் குறைத்தால் வலிப்பு வரும்; அதனால் ஓபியாய்டை முதலில் குறைப்பதே பாதுகாப்பு என்பதும் அதே வழிகாட்டுதலில் இருந்தது. வேகம்? தொடக்க டோஸில் வாரத்துக்கு 10 சதவீதம், தொடங்குவதற்கு நியாயமான அளவு என்றிருந்தது. எந்தக் கேள்வியைக் கேட்டாலும் என்னிடம் பதில் இருந்தது.

பிறகு 2019 ஏப்ரலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், நீண்ட நாள் ஓபியாய்டு எடுப்பவர்களுக்குத் திடீரென்று நிறுத்தாதீர்கள், வேகமாகக் குறைக்காதீர்கள் என்று எச்சரித்தது. 2022-இல் வந்த புதிய வழிகாட்டுதலில், ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தவர்களுக்கு மாதத்துக்கு 10 சதவீதம், அல்லது அதைவிட மெதுவாக என்று ஆனது. வாரம் மாதமாயிற்று. அந்த வரியைப் படித்தபோது எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். அன்றைக்கு இருந்த விதிப்படிதானே நடந்தேன். வரவில்லை. ஏனென்றால் என் அட்டவணை 2016 விதிப்படியும் சரியாக இல்லை.

80-இல் 10 சதவீதம் 8 மில்லிகிராம். மெதுவாகக் கரையும் ஆக்ஸிகோடோன் மாத்திரை 10, 15, 20, 30, 40, 60, 80 என்றுதான் வரும்; 8-க்கு மாத்திரை கிடையாது. அதை உடைக்கவும் கூடாது, உடைத்தால் பன்னிரண்டு மணி நேரத்துக்கான மருந்து ஒரே மூச்சில் ரத்தத்தில் இறங்கும். அதனால் வாரத்துக்கு 10 மில்லிகிராம் என்று முழுமையாக்கினேன். எட்டு வாரம், எட்டுப் படி. தாளில் படிகளெல்லாம் ஒரே உயரம். உடம்புக்கு அப்படி இல்லை. 80-லிருந்து 70 என்பது எட்டில் ஒரு பங்கு. 50-லிருந்து 40 ஐந்தில் ஒரு பங்கு. 20-லிருந்து 10 வரும்போது பாதி. கீழே போகப் போகப் படி செங்குத்தாகிறது. ஒவ்வொரு முறையும் நடப்பு டோஸில் இருந்து சதவீதம் கணக்கிட்டு, உடனடியாகக் கரையும் 5 மில்லிகிராம் மாத்திரைகளைக் கலந்து, கடைசிப் பகுதியை நீட்டியிருக்க வேண்டும். இது பயிற்சி மருத்துவருக்கே தெரிந்த கணக்கு. எனக்கும் தெரியும். எட்டு வாரம் என்பது சொல்வதற்கு நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

நான்காவது வாரம் அவர் இருந்தது 40-இல். மூளைத்தண்டில் உடம்பை உஷார்படுத்தும் நோரட்ரினலினைச் சுரக்கும் செல்களை ஓபியாய்டு அடக்கி வைத்திருக்கும். டோஸ் இறங்கும்போது அந்தப் பிடி தளர்கிறது. வியர்வை, நடுக்கம், விரிந்த கண்மணி, வயிற்றுப்போக்கு எல்லாம் அதிலிருந்துதான். போர் அனுபவத்தின் மன அதிர்ச்சி உள்ளவருக்கு இதே நோரட்ரினலின்தான் கனவையும் திடுக்கிடலையும் இயக்குவது. இரண்டும் ஒன்றாகக் கிளம்பும்போது முதலில் போவது தூக்கம். வலி அதற்குப் பிறகு. அவருக்குக் கனவுக்காக ப்ராசோசின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மருந்து முன்னாள் படைவீரர்களிடம் போலி மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை என்று ஒரு பெரிய ஆய்வு 2018 தொடக்கத்தில்தான் வெளிவந்திருந்தது. பலன் கண்டவர்களிடமிருந்து அதைப் பிடுங்க எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. வித்ட்ராயலுக்கு, அதாவது மருந்து குறையும்போது உடம்பு படும் அவதிக்கு, குளோனிடின் 0.1 மில்லிகிராம் சேர்க்கலாம். ஆனால் இரண்டும் ரத்த அழுத்தத்தை இறக்கும், எழுந்து நின்றால் தலைசுற்றி விழுவார். முதுகில் உலோகத் தண்டு வைத்திருப்பவர் விழக்கூடாது. சேர்க்கவில்லை. இதற்கும் நியாயம் இருக்கிறது, பாருங்கள்.

மூன்றாவது வார யூரின் டெஸ்ட் சுத்தமாக இருந்தது. “சுத்தம்” என்ற சொல்லை எங்கள் பிரிவில் பயன்படுத்தக் கூடாது என்று நானே சொல்லியிருக்கிறேன், கைப்பழக்கம். எந்தப் பொருளைத் தேடினோமோ அது மட்டும்தான் கிடைக்கும். சாதாரண ஓபியேட் சோதனைப் பட்டை மார்ஃபினையும் கோடீனையும் பிடிக்கும். ஆக்ஸிகோடோனைப் பல நேரம் தவறவிடும், அதற்குத் தனிப் பட்டை வேண்டும். மார்ஃபினைவிடப் பல மடங்கு வீரியமுள்ள செயற்கை ஓபியாய்டான ஃபென்டனிலை அது பிடிக்கவே பிடிக்காது. எங்கள் பட்டியலில் ஆக்ஸிகோடோன் இருந்தது, ஃபென்டனில் இல்லை. எழுதிக் கொடுத்த மருந்து இருக்கிறது, வேறொன்றும் இல்லை என்று முடிவு வந்தது. வேறொன்றும் என்பதன் பொருள் அந்தப் பட்டியலின் நீளம்தான்.

படைவீரருக்கு அந்தப் பிளாஸ்டிக் குப்பியே வேறு பொருள் தரும். 1971-இல் வியட்நாமிலிருந்து அமெரிக்க வீரர்கள் விமானம் ஏறும் முன் சிறுநீர் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஹெராயின் தென்பட்டால் வீடு திரும்புவது தள்ளிப்போகும். அந்த ஆண்டு செப்டம்பரில் திரும்பியவர்களைத் தொடர்ந்து பார்த்த சமூகவியலாளர் லீ ராபின்ஸின் ஆய்வு, அங்கே ஹெராயினுக்கு அடிமையானவர்களில் மிகச் சிலரே முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானார்கள் என்று காட்டியது. இடம் மாறினால் பழக்கம் விடும் என்று அதை மேற்கோள் காட்டாத ஆள் எங்கள் துறையில் இல்லை. எனக்கு அதில் நெருடுவது குப்பிதான். படையில் சிறுநீர்ப் பரிசோதனை தண்டனைக்கான வாசல். நாங்கள் அதே குப்பியை நீட்டி, இது உங்கள் சிகிச்சைக்காக என்கிறோம். அதை நம்பி மனம் திறக்க அவருக்கு என்ன காரணம் இருக்கிறது?

“புரிஞ்சுது” என்ற பதிலையும் இதே கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். உத்தரவுக்குப் பதில் அது. செய்ய முடியுமா, வலிக்குமா, சம்மதமா என்பதெல்லாம் அதற்குள் இல்லை. சொன்னது காதில் விழுந்தது, அவ்வளவே. நான் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். வசதியாக இருந்தது.

இந்த விளக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதாலேயே சந்தேகப்படுகிறேன். ஏனென்றால் அதே மேசையில் பத்து நிமிடம் முன்னால் அவர் எனக்கு மறுப்பும் சொன்னார். முதலில் பியூப்ரெனார்ஃபின் என்ற வேறொரு ஓபியாய்டைத்தான் சொன்னேன். வலிக்கும் உதவும், ஒரு அளவுக்கு மேல் மூச்சை அடக்காது, 80-லிருந்து அதற்கு மாற வழி இருக்கிறது என்றேன். “அது அடிமைங்களுக்குக் குடுக்குற மருந்துதானே, டாக்டர்? வேணாம்.” தெளிவான மறுப்பு. ஆகவே உத்தரவுக்குப் பழகியவர், எதிர்த்துப் பேசத் தெரியாதவர் என்ற கதை முழுசாக நிற்கவில்லை. மறுக்கத் தெரிந்தவர் அட்டவணையை ஏன் மறுக்கவில்லை? ஒரு முறை மறுத்ததே போதும் என்று நினைத்தாரா? இரண்டாவது முறை மறுத்தால் உள்ளதும் போய்விடும் என்று பயந்தாரா? அந்தப் பயத்தை என் முகம் கொடுத்திருக்குமா?

மறுப்பு ஒரு விதத்தில் நியாயமும்கூட. மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5 கணக்கில் ஓபியாய்டு பாதிப்பு என்று சொல்ல 11 அளவுகோல்களில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். மருத்துவர் சொன்னபடி எடுப்பவருக்குச் சகிப்பும் (உடம்பு மருந்துக்குப் பழகிப்போவது) வித்ட்ராயலும் கணக்கில் வராது. அவை இரண்டையும் கழித்தால் அவருக்கு மிஞ்சியது பூஜ்யம். அவர் அடிமை இல்லை. போதை சிகிச்சைப் பிரிவில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். எண் 120 என்பதால் கணினி அனுப்பி வைத்த ஆள்.

பதினோராவது வாரம் மனைவியோடு வந்தார். 40-இல் தூக்கம் போனதும் இரவுக் குளோனசெபாமை இரட்டிப்பாக்கியிருக்கிறார், அது சீக்கிரம் தீர்ந்திருக்கிறது. பிறகு யாரோ கொடுத்த நீல மாத்திரை. பார்வைக்கு ஆக்ஸிகோடோன் 30, உள்ளே ஃபென்டனில். குறைந்த டோஸில் நாலு வாரம் இருந்தவருக்குப் பழைய சகிப்பு இல்லை. மனைவி அவர் மூக்கில் ஓபியாய்டை முறிக்கும் நலோக்ஸோன் 4 மில்லிகிராம் அடித்து, மூன்று நிமிடம் பார்த்து, இரண்டாவதையும் அடித்து, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார். அந்த ஸ்ப்ரேயைக் கொடுத்ததும், அவருக்கு அல்ல, மனைவிக்குச் சொல்லிக் கொடுத்ததும் எங்கள் மருந்தாளுநர். மயங்கிக் கிடப்பவர் தனக்குத் தானே அடித்துக்கொள்ள முடியாது என்பது அவருடைய எளிய வாதம். நான் அதைச் சொல்லச் சொல்லவில்லை.

இப்போது 16 மில்லிகிராம் பியூப்ரெனார்ஃபினில் இருந்தார். வேறு மருத்துவமனையில் தொடங்கியிருந்தார்கள். அளவுகோல்கள் இப்போது தாராளமாகப் பொருந்தின.

“முடியலைன்னு ஒரு போன் பண்ணியிருக்கலாமே?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அந்தக் கேள்வியே பழியை அவர் பக்கம் தள்ளுகிறது.

“நீங்க புரிஞ்சுதான்னு கேட்டீங்க, டாக்டர். புரிஞ்சுது.”

கோபமே இல்லை. அதுதான் இன்னும் இருக்கிறது.

அதற்குப் பிறகு முறையை மாற்றினேன். புரிந்ததா என்று கேட்காமல், சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லும் முறை. எல்லா மருத்துவமனையிலும் கற்றுக் கொடுப்பதுதான். முன்னாள் படைவீரர்களிடம் அது அற்புதமாக வேலை செய்தது, அதுதான் சிக்கல். வயர்லெஸ்ஸில் வந்த உத்தரவைத் திருப்பிச் சொல்வது அவர்களுக்குக் கைவந்த கலை. டோஸ், நாள், மாத்திரை நிறம், ஒரு பிழை இல்லாமல் ஒப்பித்தார்கள். முதல் மனிதரும் ஒப்பித்திருப்பார்.

இப்போது கேட்பது வேறு: “மூணாவது ராத்திரி தூக்கம் வரலைன்னா, மணி ரெண்டுக்கு என்ன பண்ணுவீங்க?” அட்டவணையில் ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் “நிறுத்தி வை” என்று ஒரு கட்டம். அதில் டிக் அடித்து போன் செய்தால் அந்த வாரம் டோஸ் இறங்காது, காரணம் கேட்க மாட்டோம். சிலர் பயன்படுத்துகிறார்கள். ஒருவர் கட்டத்தைச் சுட்டிக்காட்டி, இதை எத்தனை தடவை அடிக்க அனுமதி என்று கேட்டார். எவ்வளவு வேண்டுமானாலும் என்றேன். கடைசி வரை ஒருமுறைகூட அடிக்கவில்லை. அவருக்குத் தேவைப்படவில்லையா, அல்லது அதையும் ஒரு தேர்வாக எடுத்துக்கொண்டாரா, தெரியவில்லை.

எங்கள் கணினியில் டோஸ் குறைப்புக் குறிப்பைத் திறந்தாலே கடைசியில் ஒரு வரி தானாக விழும்: “நோயாளி திட்டத்தைப் புரிந்துகொண்டார், ஒப்புக்கொண்டார்.” அவருடைய குறிப்பிலும் அது இருக்கிறது, கீழே என் கையொப்பம். கையெழுத்திட்ட குறிப்பை அழிக்க முடியாது, பின்குறிப்பு மட்டும் சேர்க்கலாம். அந்த வரியை வார்ப்பிலிருந்தே எடுக்கச் சொன்னேன், எடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து, குறிப்புகளில் சம்மதம் பதிவாகவில்லை என்று தணிக்கையில் வந்தது. வரியைத் திரும்பச் சேர்க்கும் படிவத்தில் பிரிவுத் தலைவர் ஒப்புதல் வேண்டும் என்றார்கள். போட்டுக் கொடுத்தேன்.