தரை தொடும் முன் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்த அனுபவம்

வானூர்திப் பொறியியல் இறுதியாண்டில் நாங்கள் நால்வரும் எடுத்துக்கொண்ட புராஜெக்ட், விமானம் ஓடுபாதையைத் தொடுவதற்கு முன்பே அதன் சக்கரங்களைச் சுழலவிடுவது பற்றியது. ஏர்பஸ் ஏ320 மணிக்கு ஏறத்தாழ 240 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறது என்றால், அதுவரை அசையாமல் தொங்கிய 46 அங்குல விட்டமுள்ள சக்கரம், கண்ணிமைக்கும் நேரத்தில் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுகளைத் தாண்டியாக வேண்டும். அதற்குள் டயர் உருளாமல் உராய்ந்து இழுபட்டுத் தேய்வதால்தான், விமானம் இறங்கும்போது நாம் காணும் அந்தப் புகை எழுகிறது.

லேத் பட்டறையில் கடைந்து வாங்கிய இரும்பு உருளையை மோட்டாரால் ஓடவிட்டு, அதையே ஓடுபாதையாகக் கொண்டோம். கீலில் பொருத்திய கம்பியின் நுனியில் ஸ்கூட்டர் சக்கரத்தை மாட்டி, ஒரே உயரத்திலிருந்து அதன்மேல் திரும்பத் திரும்ப விழச் செய்தோம். தேய்மானத்தை அளப்பதுதான் எங்களை ஒரு மாதம் அலைக்கழித்தது, ஏனெனில் உதிர்ந்த ரப்பரின் அளவு சக்கரத்தின் எடையில் தெரியவே இல்லை. கடைசியில் உருளைக்கு அடியில் வெள்ளைத் தாளை விரித்து, 50 முறை விழவிட்ட பின், கண்மை போல் விரலில் ஒட்டிய கருந்தூளைத் தூரிகையால் கூட்டியெடுத்து, நண்பனின் தந்தை நடத்தும் நகைக்கடையின் தராசில் நிறுத்தோம். சக்கரத்தை முன்கூட்டியே உருளையின் பாதி வேகத்துக்குச் சுழற்றிவிட்டபோதே தூள் வெகுவாகக் குறைந்திருந்தது. வழுக்கலில் வீணாகும் ஆற்றல் வேக வேறுபாட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், பாதி வேகமே முக்கால் பங்கு ஆற்றலை மிச்சப்படுத்திவிடும். அன்று மாலை எங்களுக்கு உண்டான மகிழ்ச்சி இன்றும் நினைவிருக்கிறது.

பிறகு எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் ஒரு பராமரிப்புக் கூடத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கிருந்த மூத்த தொழில்நுட்பர், கழற்றி வைத்த டயரின் பள்ளங்களில் எங்கள் விரலை வைத்துக் காட்டி, "தம்பி, புகை கண்ணுக்குத் தெரியுது, பிரேக் போடுறப்பவும் ஓடுபாதைக்குப் போய்வர்ற டாக்ஸிவேயில வளைஞ்சு திரும்புறப்பவும் தேயறது யார் கண்ணுக்கும் தெரியாது" என்றார். தேய்ந்த மேற்பரப்பை நீக்கிப் புது ரப்பர் ஒட்டி அதே டயரைப் பலமுறை பயன்படுத்துகிறார்கள் என்பதையும் அங்கேதான் அறிந்தோம். சில நொடி வேலைக்காக ஒரு மோட்டாரைப் பயணம் முழுவதும் சுமந்து செல்வதற்கான எரிபொருள் செலவை அதன் பின்னரே கணக்கில் சேர்த்தோம்.

ஆயினும் வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் கேட்ட கேள்வி எங்களை உண்மையிலேயே நிறுத்திவிட்டது: "சக்கரம் வானத்திலேயே சுழன்றால், தரையிறங்கியதை விமானம் எப்படி அறியும்?" தரையிறங்கியதும் இறக்கைமேல் விரிந்து, விமானத்தைத் தரையோடு அழுத்தி வேகத்தைக் குறைக்க உதவும் தகடுகளே ஸ்பாய்லர்கள்; விமானம் தரையைத் தொட்டுவிட்டது என்று அவை விரிவதற்குச் சக்கரச் சுழற்சியும் ஓர் அறிகுறி. 1993 செப்டம்பர் 14 அன்று போலந்தின் வார்சாவில் ஈர ஓடுபாதையில் இறங்கிய ஏ320 விமானத்தில் ஒரு பக்கச் சக்கரங்கள் முதலில் தொட்டும், நீர்ப்படலத்தின்மேல் வழுக்கியதால் போதிய வேகத்தில் சுழலவில்லை. சக்கரங்களைத் தாங்கும் மறுபக்கக் கால் தரையில் அழுந்த ஏறத்தாழ 9 நொடிகள் ஆயின. அதுவரை ஸ்பாய்லர்கள் விரியவில்லை. ஓடுபாதையைக் கடந்து ஓடிய அந்த விமானத்தில் இருவர் உயிரிழந்தனர். நாங்களோ அந்த அறிகுறியை ஆகாயத்திலேயே பொய்யாக எழுப்பும் கருவியைச் செய்திருந்தோம்.

இரண்டு வாரம் அவகாசம் கேட்டு வாங்கி, மோட்டார் ஓடும்போது சுழற்சி உணரியின் தகவலை ஏற்காமல், காலின் அழுத்தத்தை மட்டும் நம்பும் ஏற்பாட்டைத் தனி அத்தியாயமாக எழுதிச் சேர்த்த பிறகே அறிக்கையில் கையொப்பம் கிடைத்தது.