தேத்தண்ணியும் விதியும்

உதவி பெறுவோர் வீட்டில் களப்பணியாளர் எதையும் உண்ணவோ அருந்தவோ கூடாது என்பது நான் வேலை பார்க்கும் தொண்டு நிறுவனத்தின் விதி. காரைக்குடிப் பக்கத்து இலங்கைத் தமிழர் முகாமில் கணக்கெடுத்த அன்றும் அதைத்தான் கடைப்பிடித்தேன். குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 ரூபாய் என்று 2021-இல் உயர்த்தப்பட்ட அரசு உதவித்தொகையைப் பெரிதும் நம்பியிருக்கும் வீட்டில், வருகிறவர்களெல்லாம் ஆளுக்கொரு தம்ளர் குடித்தால் மாதக் கடைசியில் என்ன மிஞ்சும்? விதி போட்டவர் அடுப்படி அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

அந்த வீட்டு அம்மா அதற்குள் வெறும் தேத்தண்ணியை, பால் சேர்க்காத தேநீரை, ஆற்றிவிட்டார். கடித்துக்கொண்டு குடிக்க, பனங்கட்டித் துண்டு ஒன்றை என் உள்ளங்கையில் வைக்க வந்தார். விதியைச் சொன்னேன்.

"அப்ப எங்களை எப்பவும் வாங்கிற ஆக்களாத்தான் வைச்சிருக்கப் போறியளோ, தம்பி?"

கேட்டுவிட்டு, தேத்தண்ணியைப் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் நீட்டினார். அந்த அம்மா மன்னார்க் கத்தோலிக்கர். பெரியவர் திருகோணமலைச் சைவர். ஊரில் இருந்தவரை ஒருவரையொருவர் அறியாதவர்கள். முகாம் அவர்களுக்கு அடுத்தடுத்த சுவர்களைத்தான் கொடுத்தது. அயலவராக்கியது இந்தத் தேத்தண்ணி. செபமாலை சொல்லி முடித்தாலும், யாருக்கும் ஒரு வாய் கொடுக்காத நாளில் செபம் பாதிதான் என்பது அந்த அம்மாவின் கணக்கு. அப்படியானால் நான் மறுத்தது வெறும் பானத்தையா என்ற கேள்வி இன்னும் அடங்கவில்லை.

விருந்தைச் செட்டிநாட்டுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. காசியில் சத்திரம் கட்டிய ஊர்கள் இவை. 1942-இல் ஜப்பானியருக்கு அஞ்சிப் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் இங்கும் உண்டு. பெரிய வீடுகளிலிருந்து முகாமுக்கு அன்னதானம் வருகிறது; முகாமிலிருந்து ஒரு தம்ளராவது அவ்வீடுகளுக்குப் போய் நான் பார்த்ததில்லை.

ஆனாலும் விதி தளர்ந்தால் நடப்பதையும் அறிவேன். ஒரு வீட்டில் தேத்தண்ணி, இன்னொரு வீட்டில் கோழிக்கறி, அப்புறம் பட்டியலில் யார் பெயர் முதலில் என்ற பேச்சு. கொடுக்க ஏதுமில்லாத வீடு அன்றே கூசிப்போகும்.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இன்றும் அந்த விதியை விளக்கத்தோடு சொல்லித் தருவது நான்தான். அந்த அம்மாவின் வீட்டு வரிசைக்கு மட்டும் அவர்களை அனுப்புவதில்லை. நானே போகிறேன், குடிக்கிறேன். அலுவலகத்தில் இது யாருக்கும் தெரியாது.