ஒரே பெயர், பல தடவை

வலைத்தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸில், பதிவுகளுக்கு நாமே சேர்த்துக்கொள்ளும் 'ஆசிரியர்' என்ற கஸ்டம் ஃபீல்டில் இருக்கும் பெயர்களை டிராப்டவுனில் காட்ட வேண்டியிருந்தது. முதலில் எல்லாப் பதிவுகளையும் லூப்பில் சுற்றி, திரும்ப வந்த பெயர்களைக் கழித்துப் பார்த்தேன். பக்கம் திறப்பதற்குள் தூக்கமே வந்துவிட்டது.

அப்புறம் கஸ்டம் ஃபீல்டுகளைச் சேமித்து வைக்கும் போஸ்ட்மெட்டா டேபிளிடமே நேராகக் கேட்டேன். ஒரே மதிப்பைத் திரும்பத் தராமலிருக்க டிஸ்டிங்க்ட் போட்டு, ஒரே ஒரு எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் கேட்கும் மொழி) வரிதான், சட்டென்று வந்தது. ஆனால் டிராஃப்டிலும் குப்பைத்தொட்டியிலும் கிடந்த பெயர்களும் கூடவே வந்து நின்றன! பதிவுகளின் நிலை இருக்கும் போஸ்ட்ஸ் டேபிளோடு ஜாயின் செய்து (இணைத்து), பப்ளிஷ் ஆனவற்றை மட்டும் எடுத்தேன். ஒவ்வொரு முறையும் தேட வேண்டாமென்று விடையை 12 மணி நேரத்துக்கு டிரான்சியன்டில் (வேர்ட்பிரஸின் தற்காலிகச் சேமிப்பு) போட்டு வைத்தேன். (வகை, குறிச்சொல் போல ஆசிரியரையும் ஒரு டாக்ஸானமியாகவே அமைத்திருந்தால் இந்தப் பாடே இல்லை. சரி, விடுங்கள்.)

அப்படியும் ஒரு பெயர் மட்டும் இரண்டு முறை வந்தது. உற்றுப் பார்த்தால், ஒன்றுக்கு முன்னால் ஒரு ஸ்பேஸ். டைப் செய்த புண்ணியவான் நானேதான்.