சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட்ட நீங்களே ஒருதடவ தொறந்து படிங்க

கூகுள்ல ஆட் போடுற பிசினஸ் ஓனர்கள் நிறைய பேர்ட்ட பேசினா ஒரே புலம்பல் தான் வருது. மாசாமாசம் காசு போகுது, கிளிக் வருது, ஏஜென்சி அனுப்புற ரிப்போர்ட்ல கிராஃப் மேல தான் ஏறுது, ஆனா போன் மட்டும் அடிக்க மாட்டேங்குது. என்னன்னு கேட்டா பட்ஜெட்ட கொஞ்சம் ஏத்திப் பாப்போம் சார்ங்கிறாங்க. ஏத்துறதுக்கு முன்னாடி பாக்க வேண்டிய பக்கம் ஒண்ணு அந்த அக்கவுண்ட்குள்ளயே இருக்கு, சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட்னு பேரு, ஜனங்க என்ன டைப் பண்ணி தேடினப்ப உங்க ஆட் வந்துச்சுன்னு காட்டுறது, அத ஓனரே உக்காந்து படிக்கணும்ங்கிறதுக்காகத் தான் இந்த போஸ்ட்டே எழுதுறேன்.

மொதல்ல ஒரு விஷயம் தெளிவா இருக்கணும். நாம காசு கட்டி வாங்குறோம்னு நெனைக்கிறது கீவேர்ட, அதாவது இதுக்கு ஆட் வரணும்னு நாம குடுக்குற வார்த்தைய. ஆனா ஆட் எதுக்கு வருதுன்னா ஜனங்க டைப் பண்ற வார்த்தைக்கு. ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு எடைவெளி இருக்கலாம்ங்கிறத தான் மேட்ச் டைப் முடிவு பண்ணுது. பிராட், ஃப்ரேஸ், எக்ஸாக்ட்னு மூணு இருக்கு, ஒண்ணும் சொல்லாம கீவேர்ட சும்மா போட்டு விட்டீங்கன்னா அது பிராட் தான். பிராட்னா சம்பந்தம் இருக்குன்னு சிஸ்டத்துக்கு தோணுற எல்லா தேடலுக்கும் உங்க ஆட் போய் நிக்கும். எக்ஸாக்ட் கூட இப்ப பேருக்கேத்த மாதிரி இல்ல, 2018-லேர்ந்து அர்த்தம் ஒண்ணா இருந்தா வேற வார்த்தைக்கும் அது வரும்.

தெரிஞ்சவர் ஒருத்தர் ஏசி சர்வீஸ் பண்றவரு. அவரோட அக்கவுண்ட ஒரு நாள் ரெண்டு பேரும் சேர்ந்து தொறந்தோம், கீவேர்டு "ஏசி ரிப்பேர்", பாக்க சரியா தான் இருந்துச்சு. ரிப்போர்ட்ட செலவு வாரியா அடுக்கி மேலேர்ந்து படிச்சா, ஏசி மெக்கானிக் வேலை, ஏசி ரிப்பேர் கோர்ஸ் ஃபீஸ், ஏசி ரிமோட் ஆப், கார் ஏசி ரிப்பேர்னு வரிசையா வருது. "கார் ஏசி நாம தொடவே மாட்டோமே"ன்னாரு. ஆனா அதுக்கு காசு மட்டும் போயிட்டே இருந்திருக்கு. வேலை தேடுறவன், படிக்க வந்தவன், ரிமோட் தொலைச்சவன் எல்லாருக்கும் இவரு தான் கிளிக் காசு கட்டியிருக்காரு.

எனக்கு ரொம்ப புடிச்ச எடம் அதுக்கு அப்புறம் தான் வந்துச்சு. கீழ ஒரு தேடல் இருந்துச்சு, "ஏசில தண்ணி ஒழுகினா என்ன பண்றது". இது சும்மா தெரிஞ்சிக்க வந்த ஆளு, இதையும் நிறுத்திடலாம்னு தான் வெளிய இருந்து பாக்குற யாரும் சொல்லுவாங்க. அவரு வேணாம்னுட்டாரு. தண்ணி ஒழுகுதுன்னு தேடுறவங்க பாதி பேரு டிரெயின் பைப்ல தூசி அடைச்சிருக்குன்னு படிச்சிட்டு கையில எடுக்க பயந்து போன் பண்ணிருவாங்களாம், அவருக்கு வர்ற வேலையில சீக்கிரம் முடிஞ்சு கஸ்டமரும் சந்தோஷமா அனுப்பி வைக்கிற வேலையே அது தானாம். இது எந்த டூலும் சொல்லாது. தொழில்ல நிக்கிறவருக்கு மட்டும் தெரியும். அந்த தேடலுக்குன்னே ஒரு ஆட் குரூப், அதாவது சில கீவேர்டும் அதுக்கேத்த ஆடும் சேந்த ஒரு கட்டு, தனியா போட்டு, தலைப்புலயே தண்ணி ஒழுகுதான்னு கேட்டு, கிளிக் பண்ணா போற பேஜ்லயும் அதப்பத்தியே நாலு வரி எழுதினோம்.

இப்படி எழுதுறதுக்கு காசு ரீதியாவும் ஒரு காரணம் இருக்கு. சர்ச் ஆட ஏலம் விடுற முறைய 1998-ல ஆரம்பிச்சது கோடூ டாட் காம், பில் கிராஸோட கம்பெனி. அங்க கணக்கு ரொம்ப சிம்பிள், யாரு அதிகமா பிட் பண்றாங்களோ, அதாவது ஏலத்துல அதிக காசு கேக்குறாங்களோ, அவங்க மேல. கூகுள் 2000-ல ஆட்வேர்ட்ஸ (கூகுள் ஆட்ஸோட பழைய பேரு) தொறந்தப்ப பார்வைக்கு இவ்வளவுன்னு தான் வித்துச்சு, 2002-ல கிளிக் ஏலத்துக்கு மாறினப்ப கூடவே ஒண்ண சேத்தாங்க, எந்த ஆட ஜனங்க அதிகமா கிளிக் பண்றாங்கங்கிறதையும் பிட்டோட சேத்து கணக்கு போட்டாங்க. அதனால கம்மியா பிட் பண்ணவன் கூட நல்ல ஆட் வச்சிருந்தா மேல வரலாம். இன்னைக்கு குவாலிட்டி ஸ்கோர்னு 10-க்கு ஒரு நம்பர் காட்டுறாங்களே, அதுக்குள்ள இருக்குறது மூணு தான், கிளிக் வர வாய்ப்பு, ஆட் தேடலோட எவ்வளவு ஒத்துப்போகுது, போற பேஜ் எப்படி இருக்கு. தண்ணி ஒழுகுதுன்னு தேடினவனுக்கு எங்களிடம் அனைத்து சேவைகளும் கிடைக்கும்னு ஆட் காட்டினா இந்த மூணுலயும் அடி வாங்கும், அந்த அடிய ஒவ்வொரு கிளிக்குக்கும் குடுக்குற காசுல தான் கட்டணும்.

வேணாங்கிறத நெகட்டிவ் கீவேர்டா, அதாவது இதுக்கு ஆட் வரக்கூடாதுன்னு சொல்ற வார்த்தையா போடணும், அதுல ஒரு சின்ன சிக்கல். நெகட்டிவ் வந்து சாதா கீவேர்டு மாதிரி அர்த்தம் புரிஞ்சுக்காது. வேலைன்னு போட்டா ஜாப்னு தேடுறவன தடுக்காது, ஒருமை போட்டா பன்மைக்கு வேலை செய்யாது. தமிழ்ல, இங்கிலீஷ்ல, தங்கிலீஷ்லன்னு ஒவ்வொண்ணா உக்காந்து போடணும். அலுப்பான வேலை தான், வேற வழி இல்ல.

2020 செப்டம்பர்லேர்ந்து எல்லா தேடலும் ரிப்போர்ட்ல வர்றதும் இல்ல. போதுமான பேர் தேடாத வார்த்தைய மறைச்சிடுறாங்க, ஆனா அதுக்கும் காசு எடுக்குறாங்க. பிரைவசின்னு சொன்னாங்க. காசு கட்டுறவனுக்கு எதுக்கு கட்டினோம்னு தெரியக்கூடாதுங்கிறது எனக்கு இன்னைக்கும் ஏத்துக்க முடியல. அதனால தான் தெரியுற பாதியவாச்சும் ஒழுங்கா படிக்கணும்ங்கிறேன்.

லொகேஷன் செட்டிங்கையும் பாத்துடுங்க. டீஃபால்ட்டா அந்த ஊர்ல இருக்குறவங்களுக்கு மட்டும் இல்லாம, அந்த ஊர் மேல ஆர்வம் காட்டுற, வேற எங்கயோ இருக்குறவங்களுக்கும் ஆட் போகும். வீட்டுக்கு போய் சர்வீஸ் பண்ற தொழிலுக்கு அது தேவையே இல்ல.

அடுத்தது கன்வெர்ஷன், அதாவது ஆட் வழியா வந்தவரு நமக்கு வேண்டிய காரியத்த செஞ்சாருன்னு எண்ணுறது. எத கன்வெர்ஷன்னு சொல்லி வச்சிருக்கீங்கன்னு கண்டிப்பா கேளுங்க. சில அக்கவுண்ட்ல காண்டாக்ட் பேஜ தொறந்தாலே ஒண்ணுன்னு எண்ணிட்டு இருக்கும், ரிப்போர்ட் பாக்க பிரமாதமா இருக்கும். பிரச்சனை ரிப்போர்ட்டோட நிக்கிறதில்ல. இப்ப பிட்டிங் பெரும்பாலும் மெஷின் தான் பண்ணுது, நீங்க எத வெற்றின்னு காட்டுறீங்களோ அதத்தான் அது தேடிப் போகும், பேஜ தொறக்குற ஆளு வேணும்னா தொறக்குற ஆளையே கூட்டிட்டு வந்துட்டே இருக்கும். வந்த கால்ல எது நெசமான வேலையா மாறிச்சுன்னு எழுதி வச்சு திரும்ப அக்கவுண்ட்ல ஏத்துற வசதி இருக்கு, கொஞ்சம் மெனக்கெடணும், ஆனா அத பண்ணவங்களுக்கு அதுக்கு அப்புறம் வர்ற கால்களே வேற மாதிரி இருக்கும்.

அப்புறம் ஆப்டிமைசேஷன் ஸ்கோர், அக்கவுண்ட் எவ்வளவு நல்லா இருக்குன்னு கூகுள் 100-க்கு போடுற மார்க். அது 100 ஆகலையேன்னு யாராச்சும் பட்ஜெட் ஏத்த சொன்னா கவலைப்படாதீங்க. அது காட்டுற பரிந்துரைய வேணாம்னு தள்ளி விட்டாலும் ஸ்கோர் ஏறும். அந்த பரிந்துரைய தானாவே ஏத்துக்குற ஆட்டோ அப்ளை மட்டும் ஆன்ல இருக்கான்னு பாருங்க, இருந்தா உங்கள கேக்காமலே கீவேர்டு சேரும்.

உங்க கடை பேர யாராச்சும் தேடினா அதுக்கும் ஆட் ஓடுதான்னு பாருங்க. ஈபே ஒருதடவ தன்னோட பேருக்கு ஓட்டின ஆட நிறுத்திப் பாத்தாங்க, பிளேக், நோஸ்கோ, டாடெலிஸ்னு மூணு பேரு பண்ண ஆய்வு, 2015-ல எகனாமெட்ரிகாங்கிற பொருளாதார ஆய்விதழ்ல வந்துச்சு. ஆட் வழியா வந்த கூட்டம் கிட்டத்தட்ட முழுசா கீழ இருந்த ஃப்ரீ ரிசல்ட் வழியா வந்து சேந்துடுச்சு. ஈபே அவ்வளவு பெரிய பேரு, உங்க பேர்ல போட்டிக்காரன் பிட் பண்ணிட்டு இருந்தா கதை வேற, அதனால அப்படியே காப்பி அடிக்காம கொஞ்ச நாள் நிறுத்தி வச்சு மொத்த கால் கணக்கு குறையுதான்னு பாத்து முடிவு பண்ணுங்க. ஆனா நிறைய ஏஜென்சி ரிப்போர்ட்ல கன்வெர்ஷன் அழகா தெரியுறதுக்கு காரணமே இந்த பிராண்ட் கீவேர்டு தான், அத தனியா பிரிச்சு காட்டச் சொல்லி கேளுங்க.

இதெல்லாம் பாக்கணும்னா அக்கவுண்ட் உங்க ஈமெயில்ல அட்மின் ஆக்சஸோட இருக்கணும். பிடிஎஃப் அனுப்புறோம் சார்னு சொன்னா ஒத்துக்காதீங்க. உங்க காசு, உங்க கஸ்டமர் டைப் பண்ண வார்த்தை. ஆக்சஸ் வந்ததும் சேஞ்ச் ஹிஸ்டரின்னு ஒண்ணு இருக்கும், கடைசியா அக்கவுண்ட்ல யாரு எப்ப கை வச்சாங்கன்னு தேதியோட அதுல இருக்கும், அதையும் ஒரு பார்வை பாத்துடுங்க.